பிளானர் மேக்னடிக் ஹெட்போனைச் சோதித்து வாங்குவது எப்படி: ஒலி, வசதி இரண்டுக்குமான முழுமையான வழிகாட்டி

விலை உயர்ந்த ஹெட்போனை மதிப்பிடும்போது ஒலிக்கு ஒரு மதிப்பெண், வசதிக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகப் போடுவது வழக்கம். பிளானர் வகைக்கு இது சரிப்படாது. இயர்பேட் காதைச் சுற்றி எப்படி உட்காருகிறது என்பதில்தான் பேஸும் (தாழ்ந்த ஒலி) ட்ரெபிளும் (உயர்ந்த ஒலி) பெரும்பாலும் முடிவாகின்றன. சரியாக உட்காராத ஹெட்போனைப் பற்றி எழுதும் எந்த ஒலிக்குறிப்பும் அந்த ஹெட்போனைப் பற்றியதே அல்ல. அதனால் இங்கே முதலில் தலை, பிறகுதான் காது.

உள்ளே இருப்பது

டைனமிக் ஹெட்போனில் ஒரு கம்பிச்சுருள் சவ்வின் நடுப்பகுதியைப் பிடித்துத் தள்ளும். பிளானரில் சுருள் கிடையாது. மிக மெல்லிய படலம் ஒன்றின் மேல் உலோகத் தடத்தைப் பதித்து, வரிசையாக அடுக்கிய காந்தங்களுக்கு எதிரே விறைப்பாகக் கட்டியிருப்பார்கள். தடத்தில் மின்னோட்டம் பாயும்போது படலத்தின் பெரும்பகுதி ஒன்றாக அசையும். இது புதிய தத்துவம் அல்ல. யமஹா 1976-லேயே எச்பி-1 என்ற மாடலை இப்படித்தான் செய்தது.

இந்த அமைப்பால் மூன்று விளைவுகள். காந்தங்கள் அதிகம் என்பதால் எடை கூடும். பேட் காற்றுப் புகாமல் உட்கார்ந்தால் பேஸ் 20-30 ஹெர்ட்ஸ் வரை பெரிதாகக் குறையாமல் இறங்கும். மூன்றாவது, மின்தடை எல்லா அலைவரிசையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். ஆம்ப் (ஹெட்போனை ஓட்டும் மின்பெருக்கி) பற்றிய கணக்கு எளிதாவது இதனால்தான்.

படி 1: ஆம்ப் போதுமா என்று கணக்குப் போடுங்கள்

ஹெட்போனைத் தொடுவதற்கு முன்பே செய்துவிடலாம். மெல்லிசையோ சாஸ்திரிய இசையோ, சராசரியாக 75-80 டெசிபலில் கேட்பவருக்கும் உச்சங்கள் அதைவிட 20 டெசிபலுக்கு மேல் எகிறும். ஆக, 110 டெசிபல் உச்சத்துக்கு இடம் வைத்தால் போதும். நிறுவனம் தரும் உணர்திறன் (குறிப்பிட்ட அளவு மின்சாரத்துக்கு எத்தனை டெசிபல் ஒலி என்ற எண்) ஒரு மில்லிவாட்டுக்கானது என்றால், 110-லிருந்து அதைக் கழித்து, வரும் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு மின்திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாடல்கள் 110 டெசிபலைத் தொடத் தேவையானவை இவை:

ஆடிசி எல்சிடி-எக்ஸ் (20 ஓம், 103 டெசிபல்): 5 மில்லிவாட், 0.32 வோல்ட், 16 மில்லிஆம்பியர்.
ஆடிசி எல்சிடி-5 (14 ஓம், 90 டெசிபல்): 100 மில்லிவாட், 1.2 வோல்ட், 85 மில்லிஆம்பியர்.
ஹைஃபைமேன் சுஸ்வாரா (60 ஓம், 83 டெசிபல்): 500 மில்லிவாட், 5.5 வோல்ட், 91 மில்லிஆம்பியர்.

எல்சிடி-எக்ஸை ஒரு சாதாரண போன் டாங்கிளே (போனில் செருகும் சின்ன ஹெட்போன் அடாப்டர்) ஓட்டிவிடும். சுஸ்வாராவுக்கு அது நடக்காது. எல்சிடி-5-இன் கதைதான் கவனிக்க வேண்டியது. வோல்ட்டைப் பார்த்தால் சின்ன ஆம்ப் போதும் என்று தோன்றும். ஆனால் மின்னோட்டத் தேவை சுஸ்வாராவுக்கு அருகில் வந்துவிடுகிறது. பேட்டரியில் ஓடும் பல சின்னக் கருவிகள் 14 ஓமில் இந்த மின்னோட்டத்தைத் தரத் திணறும். உச்சங்கள் தட்டையாகி, 'இந்த ஹெட்போனில் உயிரே இல்லை' என்று தவறான தீர்ப்பு வரும்.

சில நிறுவனங்கள் உணர்திறனை ஒரு வோல்ட்டுக்குக் கொடுக்கும். எல்சிடி-5-க்கு மில்லிவாட் கணக்கில் 90 என்பது வோல்ட் கணக்கில் 108.5. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 30 ஓம் வெளியீட்டுத் தடை உள்ள ஆம்பில் 14 ஓம் பிளானரை மாட்டினால் சுமார் 10 டெசிபல் அங்கேயே வீணாகும். மின்தடை நேர்கோடாக இருப்பதால், டைனமிக் ஹெட்போனில் கிடைக்கும் அந்த உப்பலான வால்வு பேஸும் வராது. சில ஆம்ப்களில் தனியாக இருக்கும் பேலன்ஸ்டு வெளியீடு என்பது பெரும்பாலும் இரட்டிப்பு வோல்ட், அவ்வளவே. கணக்குக்கு ஏற்கெனவே போதுமான வோல்ட் இருந்தால் அதற்காகக் கூடுதல் செலவு வேண்டாம்.

படி 2: மாட்டுவதற்கு முன் கண்ணால் பாருங்கள்

டார்ச் அடித்து இரண்டு பக்க வலைக்கம்பியின் வழியாகவும் உள்ளே பாருங்கள். தலைமுடியோ இரும்புத்தூளோ தெரிகிறதா? காந்தங்கள் இரும்புத்தூளை இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய ஹெட்போன் என்றால் இது கட்டாயம். முடி தெரிந்தால் நுனி மழுங்கிய பிளாஸ்டிக் இடுக்கியால் எடுக்கலாம். எஃகு இடுக்கியைக் காந்தம் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். படலம் கிழிந்தால் டிரைவரையே (படலமும் காந்தங்களும் சேர்ந்த ஒலி எழுப்பும் பகுதி) மாற்ற வேண்டும். அழுத்தக் காற்றும் வாக்யூம் கிளீனரும் கூடவே கூடாது.

கேபிளை 'கிளிக்' என்று உட்காரும்வரை செருகுங்கள். ஒரு பக்கம் சத்தமே இல்லை, அல்லது விட்டு விட்டு வருகிறது என்ற புகார்களில் கணிசமானவை பாதி செருகிய பிளக்கால் வருபவை. இடம், வலம் குறியையும் பாருங்கள். பேட்கள் பல மாடல்களில் ஒரே தடிமனாக இருப்பதில்லை. தடித்த பகுதி காதின் பின்பக்கம் வர வேண்டும். கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் ஹெட்போனில் யாரோ பேட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டிருப்பது அபூர்வம் அல்ல.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் பிளானரைக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிடக் கூடாது. காந்தங்கள் நெஞ்சுக்கு மிக அருகே வந்துவிடும்.

படி 3: தலையில் உட்கார வையுங்கள்

இரு கப்புகளையும் நன்றாக விரித்து, மெதுவாகக் காதின் மேல் கொண்டு வாருங்கள். படாரென்று அழுத்தினால் உள்ளே அடைபட்ட காற்று படலத்தைத் தள்ளும். பாலித்தீன் கசங்குவது மாதிரி ஒரு சத்தம் கேட்கும். மூடிய வகைகளில் இது அதிகம். எப்போதாவது நேர்ந்தால் பாதகமில்லை, பழக்கமானால் படலத்தின் விறைப்பு போய்விடும். கழற்றும்போதும் முதலில் கீழ்ப்பக்கத்தைக் கொஞ்சம் நெகிழ்த்திக் காற்றை விட்டுவிட்டுப் பிறகு எடுங்கள்.

உயரத்தை இப்படிச் சரிசெய்யுங்கள்: கப்பை முழுக்க இறக்கி மாட்டி, காதுத்துளை பேட்டின் மையத்துக்கு வரும்வரை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். இப்போது பேட் காதுமடலுக்குக் கீழே, தாடையும் கழுத்தும் சேரும் பள்ளத்தில் படிகிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான். பிறகு வாயைத் திறந்து மூடுங்கள், ஏதாவது மெல்லுங்கள். தாடை அசையும்போது பேஸ் கூடிக் குறைந்தால் பேட்டின் வடிவம் உங்கள் முகத்துக்கு ஒத்துவரவில்லை.

பேட்டின் உள் ஆழம் முக்கியம். பெரும்பாலானோருக்குக் காதுமடல் தலையிலிருந்து 15 முதல் 20 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். அழுத்தம் பட்டபின் பேட்டின் ஆழம் அதைவிடக் குறைந்தால் காதின் மேல்நுனி உள்வலையில் உரசும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அரை மணியில் எரிச்சல் தொடங்கும்.

கண்ணாடி அணிபவர்கள் தாங்கள் தினமும் போடும் கண்ணாடியுடனேயே சோதிக்க வேண்டும். தடித்த பிளாஸ்டிக் காம்பு பேட்டைத் தூக்கிவிடும். ஜிமிக்கி, பெரிய தோடு, காதுக்குப் பின்னால் இறங்கும் மாட்டல் எல்லாமே கசிவுக்கு வழி. உலோகம் வலையில் தட்டும் சத்தமும் கேட்கும். தலையில் எண்ணெய் வைத்த கையோடு மாட்ட வேண்டாம். செயற்கைத் தோல் எண்ணெயை உறிஞ்சி உரிய ஆரம்பிக்கும். துணி பேட் நாறும்.

படி 4: கசிவுச் சோதனை

இந்த ஒரு சோதனையைத் தவிர்த்துவிட்டு மற்றதையெல்லாம் செய்வதில் பலன் இல்லை. போனில் ஏதாவது ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியில் 200 ஹெர்ட்ஸை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, பிறகு ஒலியளவைத் தொடாமல் 40 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். 40 ஹெர்ட்ஸ் காதுக்கு இயல்பாகவே மெலிதாகத்தான் கேட்கும். இப்போது இரு கப்புகளையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள்.

சத்தம் ஏறக்குறைய மாறவில்லை என்றால் சீல் (காற்றுக் கசியாத அடைப்பு) நன்றாக இருக்கிறது. 'பம்' என்று எழுந்தால் கசிகிறது. எந்தப் பக்கம் என்று அறிய ஒவ்வொரு கப்பாக அழுத்துங்கள். கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, போட்டு ஒருமுறை. கண்ணாடியோடு பேஸ் கணிசமாகக் குறைந்தால் மெல்லிய உலோகக் காம்புள்ள கண்ணாடியோ மென்மையான பேட்டோ தேவைப்படும். இரண்டும் முடியாதென்றால் வேறு மாடலைப் பாருங்கள். 'பேஸ் இல்லாத பிளானர்' என்று பெயர் வாங்கிய பல ஹெட்போன்கள் உண்மையில் கசிந்துகொண்டிருந்தவை.

படி 5: ஸ்வீப் ஓட்டிக் கோளாறு தேடுங்கள்

ஸ்வீப் என்பது ஓர் அலைவரிசையிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல நகரும் டோன். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இதற்கு 'சர்ப்' என்ற ஜெனரேட்டர் இருக்கிறது. 300 ஹெர்ட்ஸில் தொடங்கி 20-இல் முடியும்படி, 60 விநாடி நீளத்துக்கு, குறைந்த வீச்சில் ஒரு கோப்பு செய்துகொள்ளுங்கள். இடம் தனியாக, வலம் தனியாகக் கேளுங்கள். தேடுவது இரைச்சலை: கொசு ரீங்காரம் போன்ற நடுக்கம், 'சர்' என்ற உரசல். படலத்தில் முடி பட்டால் ஒரு குறுகிய இடத்தில், பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, திடீரென்று கேட்டுப் போய்விடும். ஒலியளவைப் பாதியாக்கினாலும் அதே இடத்தில் இரைந்தால் அது கோளாறு. சத்தம் கூட்டினால் மட்டும் 20-30 ஹெர்ட்ஸில் கரகரத்தால் ஆம்போ படலமோ எல்லையைத் தொடுகிறது, ஒலியளவைக் குறையுங்கள்.

கோளாறு எந்தக் கருவியில் என்று பிரிக்க, கப்புகளில் இட, வலக் கேபிள்களை மாற்றிச் செருகுங்கள். இரைச்சல் அதே கப்பிலேயே நின்றால் டிரைவர். அடுத்த கப்புக்கு இடம் மாறினால் கேபிள், ஆம்ப், டிஏசி (டிஜிட்டல் ஒலியை மின்சிக்னலாக மாற்றும் கருவி) இவற்றில் ஒன்று.

அடுத்தது இரண்டு பக்கமும் சமமா என்பது. ஆம்பின் ஒலியளவுக் குமிழை மிகக் கீழே வைத்துச் சோதிக்க வேண்டாம். குமிழுக்குள் இருக்கும் சாதாரண பொட்டன்ஷியோமீட்டர்கள் அந்த இடத்தில் தாங்களே ஒருபக்கம் சாயும். குமிழை நடுவாக்கில் வைத்து, டிஜிட்டல் பக்கம் ஒலியைக் குறையுங்கள். மோனோ பதிவு ஒன்றைப் போடுங்கள். அந்தக் கால வானொலிக் கச்சேரிப் பதிவுகள் இதற்கு மிகப் பொருத்தம். பாடகர் நெற்றிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். வலப்பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடம்வலம் மாற்றி மாட்டுங்கள். குரல் இப்போது இடப்பக்கம் போனால் குறை கருவியில். அப்போதும் வலப்பக்கமே நின்றால் உங்கள் காதிலோ பேட் உட்காரும் விதத்திலோ. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இரண்டு காதுகளும் ஒன்றுபோல் கேட்பதில்லை. அங்கே சின்ன வித்தியாசத்துக்காக ஹெட்போனைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

படி 6: ஒலியளவைச் சமப்படுத்துங்கள்

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுதான் 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும். சத்தம் கூடியிருக்கிறது என்று மனம் உணராது, தரம் கூடியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். இதற்கு ஒரு பழைய சிடி போதும். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிடி பெரும்பாலான வட்டப் பேட்களை முழுக்க மூடும். முட்டை வடிவப் பெரிய கப்புகளுக்கு அட்டையில் வெட்டி நடுவில் துளை போட்டுக்கொள்ளலாம். சிடியைப் பேட்டின் மேல் வைத்து, நடுத்துளையில் போனின் மைக்கைப் பொருத்தி, சத்தமானிச் செயலியில் பார்க்க வேண்டும். ஓடவிட வேண்டியது 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டிய பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த சோதனை இரைச்சல்). முழு அலைவரிசையில் அளந்தால் பேஸ் அதிகமுள்ள ஹெட்போன் எண்ணைக் கெடுத்துவிடும். செயலி காட்டும் எண் சரியான டெசிபலா என்பது முக்கியமல்ல. இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் போதும். ஆம்பின் குமிழ் நிலைகளைக் குறித்து வைத்துக்கொண்டு மாறி மாறிக் கேளுங்கள்.

பிளானரில் சிதைவு குறைவு என்பதால் சத்தம் அதிகமாகிவிட்டதே காதுக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதில் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்.

படி 7: எதைக் கேட்பது, எதைத் தேடுவது

நேரில் கேட்டுப் பழகிய கருவிகளே நல்ல உரைகல். கச்சேரிக்குப் போகிறவருக்கு மிருதங்கமும் தம்பூராவும் இருக்கும்போது சோதனை டிஸ்க் தேடத் தேவையில்லை.

பேஸுக்கு மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் (இடக்கைப் பக்கம்). கும்கி என்ற வழுக்கும் சொல் வாசிக்கும்போது உள்ளங்கை தோலை அழுத்தி ஸ்வரம் வழுக்கி ஏறும். நல்ல பிளானரில் அந்த வழுக்கல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனத்தில் கேட்கும். ரவை பூசிய தோலின் ஈரமான அதிர்வும் தனியாகத் தெரியும். தொடக்கம் மட்டும் கரைந்திருந்தால் படி 4-க்குத் திரும்புங்கள். திறந்த முதுகுள்ள டைனமிக் ஹெட்போனிலிருந்து வருகிறவர்களுக்குப் பிளானர் பேஸ் முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். அங்கே 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு இருக்கும், கீழே சரிந்துவிடும். இங்கே மேடு இல்லை, சரிவும் இல்லை.

மிட் பகுதிதான் (குரல் நிற்கும் நடு அலைவரிசைகள்) பிளானர்களின் பலவீனம், விளம்பரங்களில் பேசப்படாததும் இதுவே. ஹைஃபைமேனின் முட்டை வடிவ மாடல்கள் பலவற்றில் 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் உண்டு. குரல் இரண்டடி பின்னால் போனது போலவும் மேடை அகலமானது போலவும் தோன்றுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆடிசியின் பழைய எல்சிடி மாடல்களில் பள்ளம் இன்னும் மேலே. அங்கே பெண் குரலும் வயலினும் கொஞ்சம் மங்கும். எல்சிடி-5-இல் மாறாக மிட் முன்னால் வந்து நிற்கும். இதை அறிய நாகஸ்வரம் கேளுங்கள். பள்ளம் உள்ள ஹெட்போனில் நாகஸ்வரம் சாதுவாகிவிடும். சாதுவான நாகஸ்வரம் என்று ஒன்று கிடையாது.

ட்ரெபிளுக்குத் தம்பூராவின் நூல் வைத்த ரீங்காரம், கடத்தில் விரல் நகம் படும் இடம், பாடகரின் 'ச', 'ஸ'. 5,000 முதல் 9,000 ஹெர்ட்ஸில் ஒரு கூர்முனை இருந்தால் 'ஸ' மட்டும் பாட்டிலிருந்து பிரிந்து ஊசியாகக் குத்தும். ஒரு பதிவை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்; ஐந்தாறு பதிவுகளில் ஒரே இடத்தில் குத்தினால் ஹெட்போன், ஒன்றில் மட்டும் குத்தினால் பதிவு. மேலும், பேட்டை அரை சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினால் இந்தக் கூர்முனை இடம் மாறும் அல்லது அடங்கும். டான் கிளார்க் ஆடியோ நிறுவனத்தின் ஸ்டெல்த் என்ற மாடல், டிரைவருக்கும் காதுக்கும் நடுவே ஓர் ஒலித்தடுப்பு அமைப்பை வைத்திருப்பது இந்தப் பகுதியை அடக்கத்தான்.

'வேகமான டிரைவர்' என்ற சொற்றொடரை நம்ப வேண்டாம். வேகம் என்று காது உணர்வது பெரும்பாலும் கீழே சிதைவின்மையும் மேலே கொஞ்சம் கூடுதல் ட்ரெபிளும் சேர்ந்தது. நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி மலரும் என்பதும் அப்படியே. மாறுவது பேட், முதல் சில வாரங்களில் அது அழுந்தி, காது டிரைவருக்கு அருகே போகிறது. மீதியை மூளை பழகிக்கொள்கிறது.

படி 8: ஈக்யூவுக்கு இடம் கொடுக்கிறதா

ஈக்யூ என்பது மென்பொருளில் குறிப்பிட்ட அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது. பிளானர் வாங்குவதில் எங்கள் கண்ணில் பெரிய லாபம் இதுதான். கீழ் அலைவரிசைகளில் சிதைவு குறைவு என்பதால் 105 ஹெர்ட்ஸில் லோ-ஷெல்ஃப் (அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் உயர்த்தும் வடிகட்டி), +5 டெசிபல், க்யூ (வடிகட்டி எவ்வளவு குறுகலானது என்ற எண்) 0.7 என்று போட்டாலும் பெரும்பாலான மாடல்கள் முனகாமல் தாங்கும். ஈக்யூ மென்பொருளில் உள்ள ப்ரீஆம்பை (மொத்த ஒலியளவு) -5 டெசிபலுக்கு இறக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் டிஜிட்டலிலேயே சிக்னல் வெட்டுப்படும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற ஈக்யூ மென்பொருள் இலவசம். ட்ரெபிள் கூர்முனையை அடக்க, 5,000 முதல் 10,000 வரை டோனை மெல்ல நகர்த்தி, திடீரென்று சத்தம் எகிறும் இடத்தில் க்யூ 4, -3 டெசிபல் வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் அளவீட்டு வரைபடத்தின் 8,000 ஹெர்ட்ஸ் பகுதியை அப்படியே நகலெடுக்கக் கூடாது. அது அளவீட்டுக் கருவியின் காது, உங்களுடையது அல்ல.

படி 9: ஒன்றரை மணி நேரம்

கடையில் பத்து நிமிடம் மாட்டிப் பார்த்து வசதியைத் தீர்மானிக்க முடியாது. திருப்பி அனுப்பும் அவகாசம் உள்ள இடத்தில் வாங்கி, வீட்டில் ஒன்றரை மணி நேரம் கழற்றாமல் அணியுங்கள். எல்சிடி-எக்ஸ் 612 கிராம். எல்சிடி-5 420, மெஸே எம்பிரியன் 430, சுஸ்வாரா 450. எண்ணை மட்டும் பார்த்தாலும் தவறு. அகலமான தொங்கு பட்டை உள்ள 450 கிராம், மெத்தை வைத்த குறுகிய வளைவுள்ள 400 கிராமைவிட லேசாகத் தோன்றும். இருபது நிமிடத்தில் உச்சந்தலையில் ஒரு காசளவு இடம் மட்டும் வலித்தால் பட்டை பரவவில்லை. காதின் கீழே தாடை வலித்தால் பிடி இறுக்கம். புத்தகங்களை அடுக்கி அதன்மேல் இரவு முழுவதும் விரித்து வைத்தால் கொஞ்சம் தளரும். ஆனால் பிடி தளர்ந்தால் சீலும் தளரும் என்பதால் மறுநாள் 40 ஹெர்ட்ஸ் சோதனையை மீண்டும் செய்யுங்கள். கழுத்தின் பின்பக்கம் வலித்தால் அது எடை. அதற்குப் பட்டையோ பேட்டோ மருந்தல்ல, வேறு மாடல்தான்.

குனிந்து மேசையைப் பாருங்கள், நாற்காலியில் சாயுங்கள், நழுவுகிறதா என்று கவனியுங்கள். மின்விசிறியை மட்டும் நம்பியிருக்கும் அறையில் தோல் பேட் அரை மணியில் வியர்க்கும். துளையிட்ட தோலோ துணியோ குளுமை தரும். பதிலுக்குக் கொஞ்சம் பேஸைப் பிடுங்கிக்கொள்ளும்.

பேட்டை மாற்றும் முறையையும் வாங்குமுன்பே பாருங்கள். எம்பிரியனில் காந்தத்தால் ஒட்டியிருக்கும், நொடியில் கழலும். ஹைஃபைமேனில் சின்ன பிளாஸ்டிக் கொக்கிகள். நெம்பினால் உடையும், அதனால் விளிம்பைப் பிடித்துச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். எல்சிடி-எக்ஸில் பசை, கழற்றினால் புதிய ஒட்டு வளையம் தேவை. எந்த மாடலானாலும் புதிய பேட் மாட்டியதும் ஈக்யூவை அணைத்துவிட்டு, படி 4-லிருந்து மறுபடி தொடங்குங்கள்.